முதல் சொன்ன பதில்

காலை ஏழு மணிக்கு எடை பார்க்கும் தராசு வழக்கம்போலக் கூப்பிட்டது. "வணக்கம் மூசியூ, தயவுசெய்து ஏறி நில்லுங்கள்" என்றது பிரெஞ்சில். ஏறி நிற்க வேண்டிய ஏரம்பமூர்த்தி ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை. இன்று புதன். உடல் மருத்துவமனைக் குளிர் அறையில் கிடந்தது. தகனத்துக்கு அடுத்த திங்கள்தான் இடம் கிடைத்திருந்தது.

மகள் துஷாந்தி அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குப் போனாள். அம்மா கட்டிலில் இருந்தபடி தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயரைக் கழட்டட்டே அம்மா?"

"விடு பிள்ளை. ரெண்டு தரம் கேட்டிட்டு அதுவே பேசாமல் இருந்திடும்."

பத்து மணிக்கு ரோமன் வந்தார். மருத்துவமனை இருதயப் பிரிவில் வேலை செய்யும் ஆண் தாதி. நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் அவரால் அனுதாபம் சொல்ல முடிந்தது. லா சப்பல் வட்டாரத்தின் இந்தப் படிகள் துக்கம் விசாரிக்க வருபவரையும் விடுவதில்லை.

தராசைத் திரும்ப எடுக்க வந்திருந்தார். இருதயம் பலவீனமானவருக்கு உடம்பில் நீர் கட்டினால் எடை ஏறும். தராசு அதைத் தினமும் மருத்துவமனைக்கு அனுப்பும். ஏறினால் அன்றைக்கே போன் வரும், குடிக்கும் குளிசையின் அளவை மாற்றுவார்கள். அரசாங்கம் அதற்கு ஒரு வருடத்துக்கு மட்டும் தற்காலிகமாகச் செலவு கொடுத்திருந்தது. நோயாளிகளுக்கு என்ன பயன் என்று கேட்டு மதிப்பிட்ட பிறகுதான் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள்.

"உங்கள் அப்பா நிரப்பித் தந்த எட்டுக் கேள்வித் தாள்களும் ஒன்றுபோல இருக்கின்றன" என்றார் ரோமன் பிரெஞ்சில். "தராசு வருவதற்கு முன்பும் பிரச்சினை இல்லை, வந்த பிறகும் இல்லை. அப்படியானால் தராசு எதற்கு என்று கேட்பார்கள். எங்களிடம் வரும் தமிழர் பலரின் தாள்கள் இப்படித்தான்."

துஷாந்திக்கு முகம் சுட்டது. எட்டையும் நிரப்பியது அவள் கை.

முதல் தாளை, தராசு தருவதற்கு முன்பே, மருத்துவமனையில் வைத்து நிரப்பினார்கள். படியேறக் கஷ்டமா என்ற கேள்வியை அவள் மொழிபெயர்த்தாள்.

"இல்லையெண்டு போடு."

"நேற்று ஒவ்வொரு மாடியிலையும் குந்திக் குந்தியெல்லோ ஏறினீங்கள் அப்பா."

"கிழட்டு மாட்டுக்கு ஆர் புல்லுப் போடுவினம்? சாகப்போறவன் எண்டு நினைச்சால் மிசினைத் தரமாட்டினம்."

தராசு வந்த பிறகு உண்மையிலேயே தேறினார். கதிரையில் இருந்தபடி தூங்கியவர் கட்டிலில் படுத்தார். தானே இறங்கிப்போய் முருங்கைக்காய் வாங்கி வந்து, விலையைச் சொல்லித் திட்டினார். இப்போதாவது முன்பு கஷ்டம், இப்போது சுகம் என்று எழுதுவோம் என்றாள் துஷாந்தி. அவர் அசையவில்லை. அகதி விசாரணையில் ஒரு திகதியை மாற்றிச் சொன்னதற்காக ஆறு வருடம் விசா இல்லாமல் உணவகத்தில் கோப்பை கழுவியவர்.

"முதல் சொன்னதைத்தான் கடைசி மட்டும் சொல்லோணும். ஒண்டு மாறினால் எல்லாம் பொய் எண்டிடுவினம்" என்றார். காத்திருக்கும் அறையில் திரான்சியிலிருந்து வரும் புஸ்பராணி அக்காவையும் பிடித்துவைத்து இதே பாடத்தை எடுத்தார். அவவிடமும் இதே தராசுதான் இருக்கிறது.

"பழைய தாள்களைத் திருத்தலாமா?" என்று துஷாந்தி கேட்டாள்.

"முடியாது. ஆனால் பராமரித்தவருக்கென்று ஒரு தாள் உண்டு. பின்பக்கத்தில் நடந்ததை எழுதலாம். அதையும் வாசிப்பார்கள்."

அவள் அதை மேசைக்கு வந்திருந்த அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா தலையை ஆட்டினாள். "அப்பா சொன்னதுக்கு மாறி எழுதாதை. செத்த மனிசனைப் பொய்யன் எண்டு நினைப்பினம்."

"புஸ்பராணி அக்கான்ரை தராசையும் தூக்கிக்கொண்டு போயிடுவினம் அம்மா."

ரோமனின் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. துஷாந்திக்கு அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. இந்த வீட்டில் ஒரு உண்மையைச் சொல்லவும் ஆள் செத்த பிறகும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்று அப்பா மேல் கோபமும் வந்தது.

அம்மா எழும்பி அறைக்குப் போனாள். தராசின் வயரைத் தானே கழற்றி, அப்பா கால் வைத்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"நாலாம் மாடி எண்டு எழுது" என்றாள். "ஒவ்வொரு மாடியிலையும் குந்தி இருந்துதான் வந்தவர். நான் கதவிலை நிண்டு காலடி எண்ணுவன், எங்கை நிண்டிட்டாரோ எண்டு. இது வந்தாப்பிறகு நான் எண்ணேல்லை. அதையும் எழுது."

துஷாந்தி எழுதினாள். பிரெஞ்சில் அது மூன்று வரிக்குள் அடங்கிவிட்டது.

முன்பக்கம் அவளைப் பற்றிய கேள்விகள். முதலாவது, நித்திரை. கை பழக்கத்தில் முதல் கட்டத்தில் புள்ளடி போட்டது: பிரச்சினை இல்லை. மூன்று இரவாக அவள் கண் மூடவில்லை. புள்ளடியைப் பார்த்தாள். வெட்டினாள். கடைசிக் கட்டத்தில் போட்டாள்.

"வெட்டினால் பக்கத்தில் உங்கள் முதலெழுத்துகளைப் போட வேண்டும்" என்றார் ரோமன்.

அவள் அப்பா பெயரின் எழுத்தை முதலில் போட்டாள். பிறகு தன்னுடையதை.