கதவைத் தட்டும் பல்பு

தையல்காரிக்குக் காது மந்தமானதிலிருந்து, மிஷின் ஓடும்போது கதவு தட்டுகிற சத்தம் சுத்தமாகக் கேட்பதில்லை. துணியோடு வந்தவர்கள் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். அவளுடைய தம்பி சின்ன வயதிலிருந்தே இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு என்றுதான் தட்டுவான். இப்போது அவனும் அதை விட்டுவிட்டு நேரே உள்ளே வந்து தோளைத் தொடுகிறான்.

"வாசல் பலகையக் கழட்டிருடா. வர்றவங்கள ஏன் ஏமாத்தணும்?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பலகையை எழுதியவனே அவன்தான்.

"ஒரு வாரம் பொறுக்கா."

தம்பி ஒரு வேலையில் கை வைத்தால் வீடு இரண்டுபடும், அது ஊரறிந்த விஷயம். கீல் உடைந்த தன் பழைய லேப்டாப்பை அலமாரிமேல் ஏற்றி, கம்பியில்லாமல் சமிக்ஞை அனுப்பும் விரல் நீள ரேடியோ குச்சி ஒன்றை அதில் செருகினான். வாசலில் ஒரு பொத்தான், மிஷினுக்கு மேலே ஒரு பல்பு. பொத்தானை அமுக்கினால் பல்பு இரண்டு தடவை சிமிட்டும். "நெட்டே வேணாம், எல்லாம் வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சுக்கும்," என்று பெருமை வேறு.

மறுநாளே கவிழ்ந்தது. சீருடைத் துணியோடு வந்த டீச்சர் அமுக்கு அமுக்கென்று அமுக்கிவிட்டுத் திரும்பியவள், வழியில் தம்பியைப் பார்த்துக் குறைப்பட்டாள். ஓடி வந்தான். பேட்டரியை மாற்றினான், குச்சியைப் பிடுங்கிச் செருகினான், தன்னையே திட்டிக்கொண்டான். கடைசியில் பார்த்தால், சுவர் சுவிட்ச் அணைந்து கிடந்தது.

"நீயாக்கா அணைச்ச?" என்று கத்தினான்.

"பட்டப்பகல்ல யாராவது லைட்டப் போட்டு வைப்பாங்களா?"

"அம்மா தாயே! அத அணைச்சா பல்பு செத்துச்சு. அப்புறம் லேப்டாப்பு யார்கிட்ட பேசும்?"

அவள் முகம் தொங்கிப்போனது. "என் கை கேக்காதுடா. பழகின கை."

சொல்லிவிட்டு, வெட்டி மிச்சமான காலர் துணியை எடுத்தாள். சுவிட்சுக்கு ஒரு குல்லா தைத்து, இறுக்கமாக மாட்டினாள். "இப்ப அணைக்கட்டும் பாப்போம், இந்தக் கழுத!" என்று தன் கையையே ஓர் அடி அடித்தாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். போகும்முன் லேப்டாப்பில் ஏதோ தட்டினான், என்னவென்று சொல்லவில்லை.

டீச்சர் மறுபடி வந்தாள், பல்பு சிமிட்டியது, ஒரு வகுப்புச் சீருடை முழுதும் கைக்கு வந்தது. தையல்காரி தைக்க உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பல்பு இரண்டு தடவை சிமிட்டியது. கொஞ்சம் விட்டு, இன்னொரு தடவை, தம்பியின் பழைய தட்டுப் போலவே.

அவள் கால் மிதியிலேயே நின்றது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வெளியே தம்பி பொத்தானை அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"வாடா உள்ள," அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "இத்தன நாளா எங்கடா போயிருந்த?"