திரும்பக் கேட்ட சீர்த்தட்டு

கொடுத்த சீரைத் திரும்பக் கேட்கும் பழக்கம் துலுக்கானம் வீட்டில் இல்லை. தன் மரத்து நட்சத்திரப் பழங்களைத் திருநின்றவூரில் மகளைக் கொடுத்த வீட்டுக்குச் சீர்த்தட்டில் வைத்து அனுப்பியிருந்தார். வைட்டமின் நிறைந்த பழம் என்று மருந்துக்கடையில் பெருமை பேசியபோது, "கிட்னி கெட்டவங்க மட்டும் தொடக்கூடாது. உயிருக்கே ஆபத்து" என்றார் கடைக்காரர். சம்பந்தி ஜெகதீசனுக்குக் கிட்னி கோளாறு. போனை யாரும் எடுக்கவில்லை. துலுக்கானமே ரயிலேறிப் போனார்.

ஜெகதீசன் பழத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அது உங்களுக்கு ஆகாது சம்பந்தி. தெரியாம அனுப்பிட்டேன். தட்டைக் குடுங்க."

"இன்னா அண்ணாத்தே, குடுத்த சீரைப் புடுங்கிகினு போறீங்க?"

"ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். உங்க கிட்னிக்கு இது விஷம்."

ஜெகதீசன் பழத்தைக் கீழே வைத்தார். அவர் மனைவி தாயம்மா நட்சத்திரப் பழங்களைப் பையில் கட்டிக் கொடுத்துவிட்டு, காலியான தட்டில் நாலு கொய்யாவை வைத்து நீட்டினார்.

"காலித் தட்டா அனுப்பினா எங்க மானம் போயிடும்."

துலுக்கானம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.