இரைச்சலோடு வந்த பதில்

“இப்ப கேளு காந்திமதி. கழுவி வுட்ட மாதிரி கீது பாரு!”

தேவநாதன், ஊர்விட்டு ஊர் பேசும் தன் ஹாம் ரேடியோவோடு புதிதாய் இணைத்த இரைச்சல் வடிகட்டும் பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகினார். அறை முழுக்க இருந்த ‘உஸ்’ அடங்கிப்போனது.

“அப்பாடா! இத்தினி நாளா காதுல அப்பளம் பொரிச்சிகினு இருந்தீங்க,” என்றாள் அவர் மனைவி. அவள் நச்சரிப்பில் வாங்கிய பெட்டிதான் அது.

மாடியில் குடியிருக்கும் இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. ஒரகடம் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, சீருடையோடு நின்றிருந்தாள். தாமிரபரணியில் வெள்ளம், ஊரில் அம்மா தனியாள். நேற்றிலிருந்து போன் போகவில்லை. நெல்லையில் ரேடியோ வைத்திருக்கும் நாகப்பனிடம் விசாரிக்கச் சொல்லியிருந்தார் தேவநாதன்.

பதில் வந்தது.

“...செல்வி அம்மா... வீட்ல இல்ல...”

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

“இல்லைன்னா? என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?”

“இரும்மா, சிக்னல் வீக்கு. நாகப்பன், திருப்பிச் சொல்லுங்க, ஓவர்.”

மறுபடியும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைந்து, அதே இடத்தில் அறுந்தது. தேவநாதன் புதுப் பெட்டியின் குமிழைப் பார்த்தார்.

“இந்த எழவு, மெல்லிசா வர்ற பேச்சையும் சத்தம்னு நெனச்சித் தொடைச்சிடுது காந்திமதி.”

“அப்ப அத்த அணைச்சித் தொலைங்களேன்! எனக்காகவா வச்சிகினு கீறீங்க?”

அணைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அப்பளம் மறுபடி பொரிந்தது.

“இதுல இன்னா காதுல வுழும்?” என்றாள் காந்திமதி.

“பேசாதீங்கக்கா. எங்க கம்பெனியில தகடு அடிக்குத பிரஸ் ஷாப்ல இதவிடப் பெரிய சத்தத்துலதான் நாள் பூரா பேசுதோம்.”

இசக்கிசெல்வி ஸ்பீக்கரில் காதை வைத்து, விழுந்ததை விழுந்தபடி சொன்னாள்.

“வீட்ல இல்ல... படகுல ஏத்தியாச்சு... பள்ளிக்கூடத்துல இருக்காவ... ஆட்டையும் ஏத்துனாத்தான் வருவேன்னு படகுக்காரங்கூட சண்ட...”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கம்மையேதான் அண்ணாச்சி! வேற யாரு வெள்ளத்துல ஆட்டுக்குச் சண்ட போடுவா!”

தேவநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கை தன்னால் அந்தக் குமிழுக்குப் போனது. காந்திமதி தட்டிவிட்டாள்.

“அத்தத் தொடாதீங்க. ஆடு எப்டி கீதுன்னு கேளுங்க மொதல்ல.”