செவ்வாய்க்கிழமைத் திட்டம்

எனக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை, செவ்வாய்க்கிழமை. அந்த நாளில் மாலுக்குப் போகலாம் வா என்று வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் அவர்களோடு பேச்சுவார்த்தையையே நிறுத்தியிருப்பேன். கூப்பிட்டது நான் பெற்ற மகள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பதினோரு வருடமாக அந்த மாலில்தான் எனக்கு வேலை. இரண்டாவது மாடியில், பெண்கள் துணிக்கடையில், ட்ரயல் ரூம் வாசலில் நிற்பேன். கை நிறையத் துணியோடு வருகிறவர்களிடம் எத்தனை உருப்படி என்று எண்ணி, எண் போட்ட அட்டையைக் கொடுத்து உள்ளே அனுப்புவேன். ஆறுக்கு மேல் விடமாட்டேன். வெளியே வரும்போது அட்டையை வாங்கிக்கொண்டு மறுபடி எண்ணுவேன். வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனதையெல்லாம் உள்பக்கம் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி, பொத்தான் போட்டு, மடித்து அடுக்குவேன். யார் என்ன போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பது சூப்பர்வைசரின் உத்தரவு. சட்டை தோளில் நிற்காமல் வழிந்தாலும் எடுப்பாக இருக்கிறது என்பேன். முதல் வருடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. வேறு ஊர், ரயிலில் ஒரு நாள் பயணம். வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளத் துணி வேண்டும். "செவ்வாய்க்கிழமை காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நீயும் நானும் மால்ல சுத்துறோம். சாக்குப்போக்கெல்லாம் சொல்லக்கூடாது," என்று போன வாரமே சொல்லிவிட்டாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திட்டம் போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட். ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தன. அவற்றை எதிர் நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து எழுத ஆரம்பித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு திட்டத்தை அந்த மாலின் முதலாளிகூடப் போட்டிருக்க முடியாது. எந்த வாசலில் நுழைந்தால் லிப்ட் பக்கம், எந்தக் கடைக் கண்ணாடி ஆளை ஒல்லியாகக் காட்டி ஏமாற்றும், எந்தக் கடை விளக்கில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத் தெரியும், எத்தனை மணிக்குள் போனால் ட்ரயல் ரூமில் வரிசை இருக்காது, எந்த மாடியில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று ஒன்று விடாமல் எழுதினேன். பேன்ட் மூன்று, சட்டை ஐந்து, சைஸ் மீடியம் என்று மேலே கோடு போட்டு வேறு எழுதினேன்.

மகள் பின்னால் வந்து நின்று வாசித்தாள்.

"பன்னெண்டரைக்கு மூணாவது மாடியில சாப்பாடு. தூண் பக்கத்துல ஒத்தை ஆள் உக்கார்ற மேஜை இருக்கும், அங்க உக்காந்துக்கோ..." அதோடு நிறுத்திவிட்டாள். "ஒத்தை ஆளா? அப்ப நீ எங்கம்மா உக்காருவ?"

"நான் எதுக்குடி? அதான் எல்லாம் எழுதிட்டேனே. கண்ணை மூடிக்கிட்டுப் போனாக்கூட வாங்கிட்டு வந்துரலாம்."

"வரமாட்டேன்னு நேரா சொல்லேன். எதுக்கு இவ்வளவு பெரிய நோட்டு?"

"வாரத்துல ஆறு நாள் அங்கதான் நிக்கிறேன். ஏழாவது நாளும் கூட்டிட்டுப் போய் அங்கேயே நிறுத்தணுமா என்னை?"

என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவர். கூடத்துத் தரையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "விட்டுரு பாப்பா. உங்கம்மாவை மாலுக்குக் கூப்பிடறதும் என்னைத் துணி துவைக்கக் கூப்பிடறதும் ஒண்ணுதான்," என்றார்.

கால் வலி பொய்யில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். ட்ரயல் ரூம் வாசலில் நான் தினமும் அம்மாக்களைப் பார்க்கிறேன். மகள் வெளியே வந்ததும், "என்னடி இது, சாக்கு மூட்டை மாதிரி?" என்பார்கள். அவள் முறைத்துவிட்டுப் படாரென்று கதவைச் சாத்துவாள். வாய்ச்சண்டை வளரும், பக்கத்து அறைக்காரிகள் எட்டிப் பார்ப்பார்கள். அரைமணி நேரம் கழித்து இரண்டு பேரும் ஒரே ஐஸ்கிரீமை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டு கடையைத் தாண்டிப் போவார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். என் மகள் வீட்டிலிருந்த சனி ஞாயிறுகளில் எல்லாம் நான் யார் யாருடைய மகள்களுக்கோ அட்டை கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் துணிமணியைத் தோழிகளோடு போய் அவளே வாங்கிக்கொண்டாள். இப்போது திடீரென்று அம்மாவாக வந்து நில் என்றால் எனக்குப் பயமாக இருந்தது. எப்படி நிற்பது என்றே தெரியாது.

"சரி, நீ வரவேணாம்," என்றாள் மகள். "எங்கிட்ட இருக்கிற சட்டையில எது ஆபீசுக்குத் தேறும்னாவது பாத்துச் சொல்லு. அதுக்கு எந்திரிக்கக்கூட வேண்டியதில்ல."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மறுபடி நோட்டுக்குள் குனிந்தேன். மூன்றாவது மாடியில் எந்தச் செருப்புக்கடையைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தபோது தாழ்ப்பாள் விலகிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. என் இடது கை அதுபாட்டுக்கு அட்டையை வாங்க நீண்டது.

"கலர் உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு மேடம்," என்றேன். "இதே மாடல்ல வேற கலரும் இருக்கு."

வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மேடத்துக்கு பில் கவுண்டர் எந்தப் பக்கம்னும் சொல்லிரு!" என்றார். கூடச் சேர்ந்து சிரிக்க யாரும் இல்லை என்று தெரிந்ததும் மோட்டாரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, நீ நிமிர்ந்துகூடப் பாக்கல," என்றாள் மகள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஏதோ வேலை நெனப்புல வாய் தவறி..." என்று மழுப்பினேன்.

"எல்லாருக்கும் சொல்றதையேதான் எனக்கும் சொன்ன."

பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். சாம்பல் நிறச் சட்டை. தோள் தையல் கையில் இறங்கிக் கிடந்தது. கழுத்துப் பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கடையில் பத்தடி தள்ளி வருகிறவளைப் பார்த்தே இவளுக்கு இந்த சைஸ் என்று சொல்லிவிடுவேன், இதுவரை தப்பியதில்லை. என் மகள் பாதியாகக் கரைந்து போயிருந்தாள். நான் மீடியம் என்று எழுதிக் கோடு போட்டு வைத்திருந்தேன். போன வருடச் சட்டையை மடித்தபோது பார்த்த அளவு அது.

"நல்லாவே இல்ல," என்றேன். "தோள் தொங்குது. கலர் மூஞ்சியை வெளுத்துக் காட்டுது. கழட்டிப் போடு அதை." என் குரல் என் வசத்தில் இல்லை. "எப்படி இப்படி எளைச்ச நீ? ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா? எங்கிட்ட ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"எப்பம்மா சொல்றது? வந்ததும் காலை நீட்டுவ. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள கண்ணு சொருகிரும். எழுப்பப் பாவமா இருக்கும்."

அவள் என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க ஒருத்தரையும் தெரியாதும்மா. ரெண்டு மாசமா அதை நெனச்சாலே சோறு எறங்கல. துணியா பெரிய விஷயம்? எங்க வேணா வாங்கிக்குவேன். கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க உங்கூட இருக்கணும்னு தோணுச்சு. வீட்டுல இருந்தா நீ தூங்கிருவ. நீ நாள் முழுக்க முழிச்சிருக்கிற எடம் அது ஒண்ணுதானேம்மா?"

வீட்டுக்காரர் கையிலிருந்த மோட்டாரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம் எடுத்த நாளுக்கு அப்புறம் அவளை நிறுத்தி வைத்து மேலிருந்து கீழே முழுசாகப் பார்த்த நாள் ஒன்றாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒன்று அகப்படவில்லை.

"பத்து மணிக்குக் கெளம்பறோம்," என்றேன்.

"நாளைக்கா? நீயுமா?"

"பின்னே? இன்னும் நாலு சட்டை உள்ள இருக்குல்ல? போய் அடுத்ததைப் போட்டுட்டு வா. பாத்துச் சொல்றேன்."

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் நோட்டை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.