கால் பெருவிரலில் கட்டிய கயிறு

இழுக்கிறான், இடது கால் பெருவிரலில் கட்டிய சணல் கயிறு விறைக்கிறது, நகத்துக்கடியில் வலி ஊசிபோல ஏறுகிறது, எங்கோ அடியில் அமிழ்ந்து கிடந்த நான் தலைமுடியைப் பிடித்துத் தூக்கப்பட்டவனாக மேலே வருகிறேன், வாய் திறக்கிறது, பனிக்காற்று தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்குகிறது, பக்கத்தில் அவன் சிரிக்கும் சத்தம், எந்திரிடா ரயிலு, இன்னா தூக்கம்டா இது, மூச்சை எங்கடா வெச்சிட்டு வந்தே, நான் கண்ணைத் திறந்தால் கூடாரம் இல்லை, பனி இல்லை, என் வீட்டுக் கூரையில் மின்விசிறி, மூக்கின்மேல் ரப்பர் மூடி, அதிலிருந்து தரையில் முனகும் பெட்டிக்கு ஒரு குழாய், சன்னல் வெயிலில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கும் என் மனைவி பச்சையம்மா, மறுபடியும் அவன்தானா என்கிறாள் தலை நிமிராமல், நான் காலைப் பார்க்கிறேன், கயிறு இல்லை, ஆனால் அந்த நகம் மட்டும் கறுத்தது கறுத்தபடியே இருக்கிறது, படையைவிட்டு வந்து தலை நரைத்த பிறகும்.

ஏகாம்பரத்தை நான் மன்னிக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மன்னித்துவிட்டதாகக் கோயிலில் ஒருதரம் நினைத்துப் பார்த்தேன், வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் அது போய்விட்டது. மலையில் நாங்கள் துப்பாக்கியைத் தொட்டதைவிடக் கடப்பாரையைத் தொட்டதுதான் அதிகம், பாதை வெட்டும் படை, கல் உடைப்போம், பனி வாருவோம், கோவேறு கழுதையே ஏற மறுக்கும் இடத்துக்கு மூட்டை சுமப்போம், எதிர் முகட்டில் அவர்கள், கீழ்ச் சரிவில் நாங்கள், காற்று நின்றுவிட்டால் இங்கே ஒருவன் இருமுவது அங்கே கேட்கும், அதனால் குறட்டை விடுகிறவன் கால் விரலில் கயிறு கட்டுவது அந்த முகாமின் வழக்கம், மறுமுனை பக்கத்தில் படுப்பவன் கையில், சத்தம் எழுந்தால் ஒரு சுண்டு, அவ்வளவுதான். என் கயிறு ஏகாம்பரத்தின் மணிக்கட்டில், அவன் எங்கள் அவில்தார், நானும் அவனும் குடியாத்தம் பக்கம், ஊர்க்காரன் என்ற உரிமையில் அவனே என் பக்கத்தில் படுத்தான், முதலில் விளையாட்டுக்குத்தான் இழுத்தான், ரயில் வருது ரயில் வருது என்று எல்லோரையும் சிரிக்கவைத்தான், பிறகு ஒருநாள் காலையில் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது முகம் சுண்டிப்போய்ச் சொன்னான், டேய், சத்தம் வந்தாக்கூட பரவால்லடா, சத்தம் நின்னுபோவுது பாரு, அப்பதான் பயமா கீது, பொணம் மாதிரி கெடக்கிறே, இழுத்தாதான் மூச்சு வருது. அன்றிலிருந்து சத்தத்துக்காகக் கட்டிய கயிற்றை அவன் சத்தம் நின்றால் இழுத்தான். அவனுக்குத் தெரியும். என் மூச்சு நிற்பது உலகத்தில் முதன்முதல் தெரிந்தவன் அவன்தான், எனக்கே தெரியாது, தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்.

சார், கீழ அனுப்புங்க சார், டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுறேன் என்று ஏகாம்பரத்திடமே கேட்டேன், மண்டை எப்போதும் கல்லாகக் கனக்கிறது, நின்றபடியே கண் செருகுகிறது என்று கெஞ்சினேன், குறட்டைக்கு ஹெலிகாப்டர் கேக்கிறியாடா, உன்னை எறக்கிட்டா உன் மூட்டைய உங்கப்பனா வந்து தூக்குவான் என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பைத்தான் இன்றும் விழுங்க முடியவில்லை. பிறகு ஒரு நடுப்பகலில், வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தும் நேரம், வெடிமருந்துக் கொட்டகைக்குக் காவல் நின்ற நான் நின்றவாக்கிலேயே தூங்கிப்போனேன், அன்று பார்வையிட வந்த பெரிய அதிகாரிக்கு முன்னால் அவில்தார் ஏகாம்பரம் விறைப்பாக நின்று சொன்னான், இவன் பிறவிச் சோம்பேறி சார், எவ்வளவு சொல்லியும் திருந்தவில்லை சார், மாலைக்குள் படை வரிசைக்கு முன்னால் என் சட்டைக் கையில் பதவிக்கு அடையாளமாக இருந்த ஒற்றைப் பட்டையைப் பிளேடால் அறுத்து எடுத்தார்கள், நூல் பிரியும் சத்தம்கூட எனக்குக் கேட்டது, அதை எடுத்தவனும் ஏகாம்பரம்தான், எடுத்துவிட்டுத் தூசி தட்டுவதுபோல என் தோளைத் தட்டினான், அன்றும் அவன் என் பக்கத்தில்தான் படுத்தான், அன்றும் கயிற்றை இழுத்தான். உயிரைக் கொடுத்ததும் அவன், மானத்தை எடுத்ததும் அவன், இரண்டையும் ஒரே கையால் செய்தவனை எந்தக் கணக்கில் வைப்பது.

ஊருக்கு வந்து செங்கல் சுமந்தேன், காவல்காரனாக நின்றேன், எங்கே நின்றாலும் தூங்கினேன், தூங்குமூஞ்சி மிலிட்டரி என்று பெயர் வந்தது, பட்டை போன கதை எனக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டிருந்தது, சாரத்தில் தூங்கி விழுந்து இடுப்பொடிந்தபோதுதான் பச்சையம்மா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள், தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள், தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து விடும் நோய், ரொம்ப நாளாக இருந்திருக்க வேண்டும், இனி இந்த மூச்சுப் பெட்டியை மாட்டிக்கொண்டுதான் தூங்கவேண்டும் என்றார் டாக்டர், சோம்பேறி இல்லையா சார் என்று கேட்டேன், அவர் புரியாமல் பார்த்தார், வெளியே வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுதேன், பச்சையம்மா நோய்க்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். படையில் வந்த நோய்க்குப் படைதான் ஊனத்தொகை தரவேண்டும் என்று மனுப் போட்டேன், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த கை, நாற்பதைக் கடந்து பச்சையம்மாவிடம்தான் எழுத்துப் படித்தேன், ஏகாம்பரம் என்று எழுதுவதற்காகவே படித்தேன் என்றால் பொய்யில்லை, அந்த ஏகாரத்தை அழுத்தி அழுத்திப் பலகையில் கீறல் விழுந்தது. மருத்துவக் குழுவின் பதில் வந்தது, பணியினால் வந்ததும் அல்ல, பணியினால் கூடியதும் அல்ல, பிற்காலத்தில் உடல் பருத்ததால் வந்தது. மேல்முறையீட்டில் ஒரு டாக்டரம்மா, கர்னல், பாலக்காட்டுப் பக்கம், தமிழ் பேசினார், நோய் இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை, ஆனால் படையில் இருந்தபோதே இருந்தது என்று யார் பார்த்தது, பக்கத்தில் படுத்தவர் யாராவது சொல்லட்டும் என்றார்.

பக்கத்தில் படுத்தவன் இப்போது முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர், வீட்டு வாசலில் மார்பளவுக்குப் பித்தளையில் பெயர், நான் போனபோது ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தான், அட, ரயிலு, வா வா, இன்னும் ஓடிகினுதான் கீறியா, நான் சார் என்றேன், மனசுக்குள் என்ன சொன்னாலும் வாய் சார் என்றுதான் சொல்கிறது, சார், நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க சார், மூச்சு நின்னது, கயிறு இழுத்தது, ஊஞ்சல் நின்றது. இன்னா கயிறு. கால்ல கட்டினது சார். எனக்கு ஞாபகம் இல்லியே, டேய், நீ தூங்கினே, உன்ன எழுதிக் குடுத்தேன், இப்போ அது நோயின்னு நான் சொன்னா, நோயாளியத்தான் காவலுக்கு நிக்க வெச்சேன்னு ஆவாதா, அப்போ உன் பட்டைய அறுத்தவன் யாரு, நானு, ஊர் இன்னா பேசும், வேணும்னா சங்கத்துல சொல்லி உனக்கு ஒரு போர்வை தரச் சொல்றேன், வாங்கிகினு போ. போர்வை. நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன், வரும் வழியெல்லாம் என் பெருவிரல் விண்விண் என்று தெறித்தது, கயிறும் இல்லை, தான் எதுவும் பார்க்கவும் இல்லை, ஆள் சோம்பேறி, அவ்வளவே என்று அவன் எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பிறகு கர்னலம்மாவிடமிருந்து தெரிந்தது.

அதற்குப் பிறகு தூக்கத்தில் கயிறு வேறுமாதிரி வந்தது, என் விரலில் தொடங்கி மலையிறங்கி, ஆறு தாண்டி, ரயில் பாதையோடு வளைந்து, அவன் வீட்டு வாசல்வரை நீண்டு அவன் மணிக்கட்டில் முடிகிறது, நான் அவசரப்படாமல் கைக்குக் கை மாற்றிச் சுற்றுகிறேன், கிணற்றுத் தோண்டியை இழுப்பதுபோல, அவன் ஊஞ்சலோடு தேய்ந்து தேய்ந்து வருகிறான், பனியில் அவன் வேட்டி கிழிகிறது, சார் சார் என்கிறான் என்னைப் பார்த்து, நான் குறட்டைக்கு ஹெலிகாப்டரா என்கிறேன், விழித்தால் வாயெல்லாம் வெல்லம் தின்றதுபோல இனிப்பு. அந்த இனிப்பில்தான் யோசனை வந்தது. கர்னலம்மா சங்கத்துக்கு வந்து நேரில் குறை கேட்கப்போகிறார், கல்யாண மண்டபத்தில் கூட்டம், மதியம் சாப்பாடு, பிறகு பேச்சு, தலைமை ஏகாம்பரம். நான் மூச்சுப் பெட்டியை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டேன், உனக்கு இன்னா பைத்தியமா, செத்துகித்து வெச்சிடப் போறே என்றாள் பச்சையம்மா, என் மூச்சு நிக்கிறதை யாருமே பார்க்கலியாம், எல்லாரும் பார்க்கட்டும், நீ மட்டும் எழுப்பிடாதே, என்மேல சத்தியம் என்றேன், அவள் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

பெட்டி இல்லாத தூக்கத்தால் கூட்டத்தன்று கண்கள் நெருப்பாக எரிந்தன, பிரியாணியை மூச்சுமுட்டத் தின்றேன், மேடைக்கு நேர் கீழே, முதல் வரிசை நாற்காலிகளுக்கு முன்னால் விரித்திருந்த ஜமுக்காளத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மேடைப்பக்கம் நீட்டி மல்லாந்து படுத்தேன், யாரோ, யோவ் மிலிட்டரி, இது உங்க ஊட்டுக் கட்டிலா என்றார்கள், சிரித்தார்கள், தூக்கம் என்னைக் கல் கட்டிக் கிணற்றில் போட்டதுபோல இழுத்துக்கொண்டது. இனி நடந்ததைப் பச்சையம்மாதான் சொல்லவேண்டும், எத்தனையோ தரம் சொல்லச்சொல்லிக் கேட்டுவிட்டேன், ஒவ்வொரு தரமும் முதல் தரம்போலவே கேட்கிறேன். ஏகாம்பரம் மைக்கில் நாட்டுக்காக நாங்கள் என்று பேசுகிறான், என் குறட்டை எழும்புகிறது, மைக் அதையும் வாங்கிக்கொள்கிறது, மண்டபமே சிரிக்கிறது, அவனும் சிரிக்கிறான், பார்த்தீங்களா, இவன்தான் நம்ம ரயில் என்கிறான், சட்டென்று குறட்டை நிற்கிறது, சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஓடுகிறது, பிறகு அதுவும் நிற்கிறது, என் மார்பு ஏறி இறங்கவில்லை, உதடு நீலம் பாய்கிறது, முன்வரிசையில் ஒருத்தி ஐயையோ என்று எழுகிறாள், கர்னலம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுகிறார், பச்சையம்மா முந்தானையைக் கடித்தபடி சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அதற்குள், எல்லோருக்கும் முன்னால், பேச்சை ஒரு வார்த்தையின் நடுவிலேயே விட்டுவிட்டு ஏகாம்பரம் இறங்கி ஓடி வருகிறான், தோளை உலுக்கவில்லை, முகத்தில் தண்ணீர் தெளிக்கவில்லை, நேராக என் கால்மாட்டில் குந்துகிறான், இடது கால், பெருவிரல், பிடித்து ஒரு சுண்டு.

இழுக்கிறான், நகத்துக்கடியில் வலி ஏறுகிறது, நான் மேலே வருகிறேன், வாய் திறக்கிறது, கல்யாண மண்டபத்தின் பிரியாணி வாசமும் சாம்பிராணியும் கலந்த சூடான காற்று உள்ளே இறங்குகிறது, கண்ணைத் திறக்கிறேன், யாரும் சிரிக்கவில்லை, கூடாரம் இல்லை, என் காலடியில் நரைத்த தலை, சங்கத் தலைவர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாலை, கையில் என் விரல். அவருக்குப் பின்னால் கர்னலம்மா நிற்கிறார், மெதுவாகக் கேட்கிறார், மிஸ்டர் ஏகாம்பரம், காலை ஏன் இழுத்தீங்க, கயிறே இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களே, யார் சொல்லிக்குடுத்தது இது. ஏகாம்பரம் தன் கையைப் பார்க்கிறான், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல, வாய் அசைகிறது, பழக்கம் மேடம் என்கிறான், அவ்வளவு சின்னக் குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை, மைக்ல சொல்லுங்க சார், பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல என்கிறேன் படுத்தபடியே, யாரோ மைக்கை இறக்கி நீட்டுகிறார்கள், பழக்கம், மலையில பழக்கம், சத்தம் நின்னா இழுக்கணும், இல்லன்னா செத்துடுவான், மண்டபத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கியும் அதைத் திருப்பிச் சொல்கின்றன, பட்டையை அறுத்த நூல் சத்தம் எனக்குள் ஓய்கிறது. அவன் கையை விலக்கப் பார்க்கிறான், நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை, கையை எடுத்துடாதீங்க சார், இன்னும் தூக்கம் தீரல, மறுபடியும் நின்னுடும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறேன், அத்தனை பேருக்கும் நடுவில் அவன் குந்தியபடியே இருக்கிறான், கண்ணுக்குத் தெரியாத கயிறு விறைத்துத்தான் இருக்கிறது, இந்தமுறை முடிச்சு அவன் பக்கம்.