காரணம் சொல்லாத நீக்கம்

2019 மார்ச் 14, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு நூற்பாலையின் தெற்கு வாசலில் ஆலைக் காவலாட்கள் சுட்டதில் மூன்று பேர் இறந்ததாக அறிக்கை வந்தது.

இணையத்தில் ஆளுக்கொரு கை வைத்துச் சம்பளமில்லாமல் எழுதும் கலைக்களஞ்சியத்தில் அந்தச் சம்பவத்துக்கு இரண்டு மொழிகளில் இரண்டு பக்கங்கள் இருந்தன. கரைமொழிப் பக்கம் மூன்று பேர் என்றது. மேட்டுமொழிப் பக்கம் பதினொரு பேர் என்றது; ஒவ்வொருவரின் பெயர், வயது, இடுகாட்டுப் பதிவேட்டில் எந்த வரி என்பது வரை சொன்னது. இரண்டு வருடம் இரண்டும் ஒன்றையொன்று சீண்டாமல் இருந்தன. ஊரில் கரைமொழி பேசுகிறவர்கள் மேட்டுமொழியைப் படிப்பதில்லை. அது சந்தையில் பேரம் பேசவும் வேலைக்காரர்களைத் திட்டவும் மட்டுமே உள்ள பாஷை என்பது அவர்கள் எண்ணம்.

மேட்டுமொழிப் பதிப்பை இழுத்துக்கொண்டு போனவர்கள் மொத்தம் நாலு பேர். ஒரு நர்ஸ், ஒரு லாரி டிரைவர், கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்து அகராதியை வைத்தே அந்த மொழியைக் கற்றுக்கொண்ட ஒருவர், பிறகு தண்ணீர் மீட்டர் பட்டறை மெக்கானிக். இவர்களில் மேட்டுமொழியில் அழுது வளர்ந்தவர் லாரிக்காரர் மட்டும்தான். மெக்கானிக் அசல் கரைமொழிக்காரர். மேட்டுமொழி வீட்டில் பெண் எடுத்தவர். "பொண்டாட்டி தூக்கத்துல யாரைத் திட்டறான்னு தெரிஞ்சுக்க வேணாமா?" என்று விளையாட்டாகத் தொடங்கி, ஒன்பது வருடத்தில் அந்த மொழியில் அறுநூறு கட்டுரை எழுதியிருந்தார். களஞ்சியத்தில் அவர் பெயர் நத்தை.

அதே பட்டறையில் கிளார்க்காக இருந்தவர் மெக்கானிக்கின் மனைவிக்கு அண்ணன். மச்சான் என்பதே பட்டறையில் அவருக்குப் பெயராகிவிட்டது.

"உங்க களஞ்சியத்துல வண்டு பத்தி நாலாயிரம் கட்டுரை இருக்கு மாப்ள, எங்க ஆளுங்களைப் பத்தி நாற்பதுகூட இல்ல. வண்டாப் பொறந்திருக்கலாம்" என்பார் மச்சான்.

"அது எவனோ மிஷினை விட்டுக் கொட்டினது மச்சான். நான் வண்டு பக்கமே போனதில்ல."

பதினொரு பேர் பட்டியலில் ஒன்பதாவது பெயர் மச்சானின் தம்பியுடையது. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடியவன் என்று ஆலை அவனைப் பற்றி எழுதி வைத்திருந்தது. அந்தப் பட்டியலையும், அது காட்டும் இடுகாட்டுப் பதிவேட்டின் ஒரு வரியையும் தவிர, அவன் செத்தான் என்று ஒப்புக்கொண்ட இடம் உலகத்தில் வேறு இல்லை.

மூன்றாம் வருடம், அந்தப் பட்டியலைக் கரைமொழிப் பக்கத்துக்கும் கொண்டுபோக மெக்கானிக் முயன்றார். அங்கே தவளை என்ற பெயரில் ஒரு நிர்வாகி காவல் இருந்தார். யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. ஆதாரம் இல்லாமல் ஒரு கமாவைக்கூட உள்ளே விடாத ஆள். "உங்கள் பாஷைச் சண்டையை உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று முதலில் விரட்டினார். மூன்று வாரம் மாறி மாறி வாதாடிய பிறகு, இடுகாட்டுப் பதிவேட்டின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சரி, சேருங்கள்" என்று ஒரே வரியில் முடித்தார்.

அந்த வரியைப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் பார்த்தார் மெக்கானிக். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. மச்சானின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பதினொரு பெயரையும் ஏற்றினார். அவசரத்தில், தன் பெயரில் உள்ளே நுழையாமல் ஏற்றிவிட்டார். பெயரோடு நுழைந்தால் நத்தை என்று மட்டும் பதிவாகும். நுழையாமல் எழுதினால் அந்த இடத்து நெட் இணைப்பின் எண் ஊரறியப் பக்கத்தின் வரலாற்றில் நின்றுவிடும். நேற்று வந்தவனுக்கும் தெரிந்த விஷயம். அதை மறைக்கச் சொல்லி நிர்வாகிகளைக் கேட்கலாம். கேட்டால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்களே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

ஒரு செய்தித்தாள் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டது. ஆலைமேல் நடந்த வழக்கில் யாரோ அதை நீதிமன்றத்தில் காட்டினார்கள். ஆலைக்கு நெட் கம்பெனியில் ஆள் இருந்தது; அந்த எண் எந்தக் கட்டடத்துடையது என்று தெரிந்துவிட்டது. பட்டியல் ஏறிய ஒன்பதாம் நாள், காலை பத்தரை மணிக்கு, ஐந்து பேர் பட்டறைக்குள் வந்து ஷட்டரை இறக்கினார்கள். மற்ற தொழிலாளிகள் மீட்டர் மாட்ட வெளியே போயிருந்தார்கள்.

முன்னால் வந்தவர் ஆலைக் காவலாட்களின் மேஸ்திரி. "இந்த எடத்துக் கம்ப்யூட்டர் யாருது?" என்றார்.

"ஆபீஸுது" என்றார் மச்சான்.

"நீ எந்தப் பக்கம்? மேடா?"

பதில் வருவதற்குள் ஒருவன் பித்தளை மீட்டரால் அவர் வாயில் அடித்தான். இரண்டு பல் மேசைமேல் விழுந்தன. விழுந்தவரை விலாவில் உதைத்தார்கள். மெக்கானிக் ஓடி வந்து குறுக்கே விழுந்தார். "அவர் இல்லீங்க. நான்தான் எழுதினேன்."

மேஸ்திரி அவர் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அண்ணே, நீங்க நம்ம ஆளு. நம்ம பாஷையை நம்ம மாதிரியே பேசறீங்க. மேட்டானுக்காக ஏன் பழியை ஏத்துக்கறீங்க?"

"என் மச்சான் அவர்."

"அதான் சொல்றேன். பொண்ணு குடுத்தவன்னு பாசம். தள்ளி நில்லுங்க."

தன் மொழியே தன்னைக் காப்பாற்றுவது மெக்கானிக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நத்தை என்று நுழைந்து காட்டினார். ஒன்பது வருடக் கட்டுரைகள் வரிசையாக வந்தன. மேஸ்திரி குனிந்து பார்த்தார். முகம் மாறியது. பின்மண்டையைப் பிடித்து மெக்கானிக்கின் முகத்தை மேசை விளிம்பில் ஒருமுறை மோதினார். மூக்கு உடைந்தது.

"சொந்த ஆளுங்களையே காட்டிக் குடுக்கறியா? அந்த லிஸ்டை எடு."

மச்சானின் வலது கையை இழுத்து வைஸ் இடுக்கியின் தாடைக்குள் வைத்து, கைப்பிடியைப் பாதி சுற்றினான் ஒருவன்.

மெக்கானிக் பட்டியலை நீக்கினார். நீக்கும்போது கீழே ஒரு கட்டம் வரும். ஏன் நீக்குகிறேன் என்று அதில் ஒரு வரி எழுத வேண்டும். அவசரத்தில் அதை வெறுமையாகவே விட்டார். பட்டியல் போனது. போய்விடுவார்கள் என்று நினைத்தார். மேஸ்திரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "திரும்ப வரும்னு எங்க வக்கீல் சொன்னார். பாப்போம்" என்று கைப்பேசியை எடுத்தார்.

நாலாவது நிமிடம் பட்டியல் திரும்ப வந்தது. "காரணம் சொல்லாத நீக்கம். மீட்கப்பட்டது. தவளை."

"யாருடா தவளை?"

"தெரியாதுங்க."

வைஸ் இன்னொரு அரைச் சுற்று போனது. மச்சானின் சத்தம் தகரக் கூரையில் மோதியது.

"எழுதறேன், எழுதறேன்" என்று மெக்கானிக் கீபோர்டில் விழுந்தார். என்ன எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 'ஆதாரம் தவறு என்று இப்போது தெரிகிறது. சேர்த்த நானே திரும்பப் பெறுகிறேன்.' சேர்த்தவரே சொன்னால் தவளை ஏற்றுக்கொள்வார். பட்டியல் போகும், மச்சானின் கை பிழைக்கும், ஒன்பதாவது ஆள் மறுபடி ஓடிப்போனவன் ஆவான். இனி எந்த நீதிபதியும் அந்தப் பதிவேட்டைத் தொடமாட்டார்.

அவர் என்ன செய்யப் போகிறார் என்று மச்சானுக்குப் புரிந்துவிட்டது. இருவரும் மதியச் சாப்பாட்டில் இதையெல்லாம் ஆயிரம் தடவை பேசியிருக்கிறார்கள். மச்சான் மேட்டுமொழியில், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே பேசினார். "காரணம் எழுதாத மாப்ள. வெறுமனே விடு. அந்த ஆளு திருப்பிப் போட்டுருவான்."

"மச்சான், கை போயிரும்."

"போவட்டும். எழுதினா என் தங்கச்சி மூஞ்சில முழிக்காத."

"என்னடா கெஞ்சறான்?" என்றார் மேஸ்திரி.

"விட்டுருங்கன்னு சொல்றாருங்க" என்றார் மெக்கானிக், கரைமொழியில். பட்டியலை நீக்கினார். கட்டத்தை வெறுமையாக விட்டார்.

இந்த முறை இரண்டு நிமிடம். மேஸ்திரி கைப்பேசியில் வந்ததை உரக்கப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் மெதுவானது. "நத்தை என்னோடு மூன்று வாரம் சண்டை போட்டவர். காற்புள்ளிக்குக்கூடக் காரணம் எழுதுகிறவர். இரண்டு தடவை காரணம் இல்லாமல் நீக்குகிற ஆள் அவர் இல்லை. அவருடைய கணக்கு வேறு யார் கையிலோ இருக்கிறது. கணக்கை நிறுத்துகிறேன். பக்கத்தைப் பூட்டுகிறேன்."

திரையில் பூட்டுப் படம் வந்தது. மெக்கானிக் மறுபடி அழுத்திப் பார்த்தார். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது.

மேஸ்திரி எழுந்தார். "காரணம் எழுதணும்னு உனக்குத் தெரியும். இல்ல?"

மெக்கானிக் திரும்பி மச்சானைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அந்தப் பாஷைல பேசி எங்களை முட்டாளாக்கிட்டீங்க." மேஸ்திரியே வைஸ் பக்கம் போனார். கைப்பிடியில் முழு எடையையும் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். எலும்பு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மச்சான் கத்தவில்லை, தலை தொங்கிவிட்டது. மேஸ்திரி மூன்றாவது சுற்றுக்குக் கையை மாற்றினார்.

சோதனை மேசைக்கு அடியில் குழாய் முடுக்கும் இரண்டரை அடி பைப் ரிஞ்சு ஒன்று எப்போதும் இருக்கும். மெக்கானிக் அதை எடுத்து மேஸ்திரியின் காதுக்கு மேலே அடித்தார். அவர் மண்டியிட்டார். மெக்கானிக் மறுபடி அடித்தார். இன்னொருவன் இரும்புக் குழாயால் மெக்கானிக்கின் முழங்கையை உடைத்தான். அவர் ரிஞ்சை இடது கைக்கு மாற்றி மூன்றாம் முறையும் மேஸ்திரியையே அடித்தார். அடிக்கும்போது எந்த மொழியில் கத்தினார் என்று பிறகு அவருக்கே ஞாபகம் இல்லை. மேஸ்திரியின் மண்டை போன நிலையைப் பார்த்ததும் மற்றவர்கள் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஓடினார்கள். மெக்கானிக் இடது கையால் வைஸைத் தளர்த்தி, மச்சானைத் தரையில் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

மச்சானுக்கு வலது கையில் மூன்று விரல்கள் அகற்றப்பட்டன. மேஸ்திரி ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். மெக்கானிக்குக் கொலைக் குற்றத்துக்காகப் பதினான்கு வருடத் தண்டனை விதிக்கப்பட்டது. பட்டறைக்குள் வந்த மற்ற நாலு பேரும் அந்த வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சிகளாக இருந்தார்கள்.