எட்டு வேளைப் பெற்றோல்

ராகலைக்கு மேலே உள்ள தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சராக இருந்த சூசைரட்ணம், அளக்காத எதையும் நம்பாதவர். மருந்துக் கலவையைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்த பின்னரே போத்தலில் அடைப்பார். வேளைக்கு ஒரு வெட்டாகக் கத்தரித்த தாள் துண்டைப் போத்தலின் பக்கத்தில் ஒட்டுவார். தேநீருக்குச் சீனியையும் கரண்டியில் மட்டமாக வழித்துத்தான் இடுவார் என்று அவர் மனைவி சிசிலி சொல்லிச் சிரிப்பதுண்டு. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில், காலை ஆறரை மணிக்குத் தோட்டத்து மோட்டார் சைக்கிளில் இரண்டு மைல் ஏறி, மேல் டிவிசன் நோயாளிகளைப் பார்த்து வருவார்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு தை மாதத்தில் அந்த மோட்டார் சைக்கிள் கணக்குக்கு அடங்காமற் போயிற்று. கார்த்திகை வரையில் ஒரு கலன் பெற்றோலில் எண்பது மைல் ஓடிய வண்டி, இப்போது நாற்பத்தைந்து மைலுக்கே தவித்தது. இரவில் அது நின்றது ஆஸ்பத்திரி வராந்தாவில். அங்கே காவல் இருந்தவர் நல்லமுத்து. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஜோர்ஜுக்கு இவ்விரண்டு செய்திகளே போதுமானவையாக இருந்தன.

வியாழக்கிழமை மாலை அவர் மருந்தறை வாசலில் வந்து நின்றார்.

“என்னங்க சூசை, பெற்றோலை வண்டி குடிக்குதா, வண்டிக்குப் பக்கத்துல படுக்கிறவன் குடிக்கிறானா?”

“அவன் சாராயங்கூடக் குடிக்கிறதில்லைங்க.”

“அப்ப வித்திருப்பான். சனிக்கிழமை அவனுக்குப் பற்றுச்சீட்டு. தோட்டத்துரை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.”

பற்றுச்சீட்டு வாங்கியவனுக்கு வேலை மட்டுமன்று, தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். நல்லமுத்துவின் மூன்று பிள்ளைகளும் அந்த அறையில்தான் வளர்ந்துகொண்டிருந்தனர். சூசைரட்ணம் கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தார்.

“துரைகிட்டப் போறதுக்கு முன்னால, நாளைக்கு ஒரு மணி நேரம் இங்க வாங்க. அளந்து காட்டுறேன்.”

வெள்ளிக்கிழமை காலை மேல் டிவிசனிலிருந்து திரும்பியதும் அவர் வேலையைத் தொடங்கினார். பெற்றோல் தாங்கியின் குழாயைக் கழற்றினார். எட்டு அவுன்சுக் கலவைப் போத்தலொன்றில் பெற்றோலை நிரப்பி, தக்கையில் இரண்டு துளையிட்டு, ஒன்றில் காற்றுப் புகக் கண்ணாடிக் குழாயையும் மற்றதில் ரப்பர்க் குழாயையும் செருகினார். போத்தலைத் தலைகீழாகக் கைப்பிடியில் கட்டி, ரப்பர்க் குழாயைக் காபரேட்டரில் இணைத்தார்.

“வண்டிக்குச் சேலைன் ஏத்துறீங்களா?” என்றார் ஜோர்ஜ்.

“நோய் தெரியாம மருந்து குடுக்கிறதில்லைங்க. எட்டு வேளை இருக்கு. கலனுக்கு எண்பது மைல்னா இதுக்கு நாலு மைல் ஓடணும். பாலத்துக்குப் போய்த் திரும்பினா ரெண்டு மைல். ரெண்டு தரம் போய் வரணும்.”

“நடுவழியில நீங்க ஊத்திக்கிட்டா?”

சூசைரட்ணம் கோபிக்கவில்லை. போத்தலுக்கும் தக்கைக்குமாக ஒரு தாளை ஒட்டி, பேனையை நீட்டினார். ஜோர்ஜ் சிறிது தயங்கி அதில் கையெழுத்திட்டார்.

வண்டி பாலத்துக்குப் போய்த் திரும்பியபோது ஒரு வேளைப் பெற்றோலே மிச்சமிருந்தது. மறுபடியும் ஏறத் தொடங்கிய அதன் ஓசை, முதல் வளைவுக்கு அப்பால் அடங்கியது. சூசைரட்ணம் அதைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். தாள் கிழிந்திருக்கவில்லை.

“சரிங்க, வண்டிதான் குடிக்குது. ஆனா ஏன் குடிக்குது? அதைச் சொல்லாம துரை நம்ப மாட்டாரு” என்றார் ஜோர்ஜ்.

“அதுக்கு நாக்கைப் பார்க்கணும்.”

இயந்திரத்திலிருந்து பிளக்கைக் கழற்றினார். அதன் முனை காய்ந்த கரி அப்பிக் கறுத்திருந்தது. பெற்றோல் மிகுதி, காற்றுக் குறைவு என்பது தெளிவாயிற்று. காபரேட்டரின் கீழே வெள்ளைத் துணியை விரித்துக் கால்மணி நேரம் காத்திருந்தார். ஒரு துளியும் ஒழுகவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார்; பிரேக் பிடிக்காமல் சுழன்றது. காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடும் ஊசியும் அதன் பழைய பள்ளத்திலேயே நின்றது.

“நம்ம மலைக்காத்து லேசு. அதனால இருக்குமோ?” என்றார் ஜோர்ஜ். அவருக்கும் இப்போது விடை தேவைப்பட்டது.

“மலை கார்த்திகையிலயும் இதே உயரந்தாங்க.”

எஞ்சியிருந்தது காற்றுச் சல்லடை ஒன்றுதான். காபரேட்டரின் வாயில், எண்ணெய் தடவிய கம்பி வலையாக அது பொருத்தப்பட்டிருந்தது. அதைக் கழற்றி, புண் துடைக்கும் இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார். கறுப்பு நூலிழைகள், திரண்ட பஞ்சுபோலக் கத்தை கத்தையாய் வந்தன.

“நாய் மயிரா?”

சூசைரட்ணம் நிமிர்ந்து பார்த்தார். காவல் முடிந்தும் லயத்துக்குப் போகாமல் சற்றுத் தள்ளி நின்ற நல்லமுத்துவின் தலைமேல் கறுப்புக் கம்பளி கிடந்தது. நல்லமுத்து அதை மெல்ல இறக்கிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“ஐயா, அது என் கம்பளிங்க. பனியில வண்டி வெறைச்சுப்போனா அவசரத்துக்குக் கெளம்பாதேன்னு, கார்த்திகையில இருந்து இஞ்சினைச் சுத்திப் போத்தி, சந்துபொந்தெல்லாம் அடைச்சு வச்சேங்க.”

“அப்ப ராத்திரி நீ எதைப் போத்திக்கிட்ட?” என்று கேட்டார் சூசைரட்ணம்.

“சாக்குங்க.”

சூசைரட்ணம் சல்லடையை மண்ணெண்ணெயில் கழுவினார், மெல்லிய எண்ணெயில் தோய்த்து வடியவிட்டார், பிளக்கைத் துடைத்தார். மீண்டும் போத்தலை நிரப்பி, மீண்டும் தாளை ஒட்டி, ஜோர்ஜிடம் மீண்டும் பேனையை நீட்டினார். இம்முறை வண்டி இருமுறை பாலத்துக்குப் போய் வந்து, ஆஸ்பத்திரி வாசற்படலையைக் கடந்து, மருந்தறைப் படியருகே நின்றது.

ஜோர்ஜ் கைதட்டினார். பின்னர் குரலைத் தாழ்த்தினார்.

“வண்டி பொழைச்சிருச்சு. ஆனா ரெண்டு மாசத்துப் பெற்றோல் புகையாப் போனதுக்கு யாராச்சும் பதில் சொல்லணும். அவன் திருடலை, சரி. கெடுத்தான்ல? சீட்டுல காரணத்தை மட்டும் மாத்திருவோம்.”

நல்லமுத்துவின் கையிலிருந்த கம்பளி நெகிழ்ந்து தரையைத் தொட்டது.

சூசைரட்ணம் உள்ளே போய், வண்டியோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்துவந்து, ஒரு பக்கத்தைத் திறந்து ஜோர்ஜின் முன் வைத்தார்.

“ஆயிரம் மைலுக்கு ஒருக்காச் சல்லடையைக் கழுவணும்னு போட்டிருக்குங்க. வண்டி ரெண்டு வருசமா என் கையில. சீனியைக்கூட அளந்து போடுற நான், ஒருநாளும் இதைக் கழட்டிப் பார்க்கலை.”

“அதை எதுக்குங்க வெளியில சொல்லிக்கிட்டு? துரை வண்டியை உங்ககிட்ட இருந்து பிடுங்கிருவாரு. மேல் டிவிசனுக்குப் போக வர நாலு மைல், அந்த ஏத்தத்துல, மழையில.”

சூசைரட்ணம் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவி, விரல் விரலாகத் துடைத்தார். மேசையில் அமர்ந்து, வெள்ளைத்தாளொன்றை எடுத்துத் தேதியிட்டார்.

“துரைக்கு நானே எழுதுறேன், குத்தம் என்னோடதுன்னு” என்றார். “நல்லமுத்து காவல்ல இருக்கட்டும். வண்டி போனா, நான் நடந்து போறேன்.”